தோலில் தங்கிய கருங்காய்ச்சற் கிருமி

இலங்கையின் உலர்வலயத்து ஊர்களில் ஒருவகைத் தோற்புண் காணப்படுகிறது. தொடக்கத்தில் அது கொசு கடித்த தடிப்புப் போன்ற சிறு பருவாகத் தோன்றும். நோவும் அரிப்பும் இராமையால் எவரும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. வாரங்கள் செல்லச் செல்லப் பரு பருத்து, நடுவிற் குழிந்து, ஓரம் தடித்த புண்ணாகும். வழக்கமான களிம்புகளுக்கு அது கட்டுப்படாது. பல மாதங்கள் நீடித்து வடுவை விட்டுச் செல்லும். முகம், கை, கால் ஆகிய மூடப்படாத இடங்களிலேயே இது பெரும்பாலும் உண்டாகிறது. இதற்குத் தோல் லீஷ்மேனியா நோய் என்பது பெயர். இதனை விளைவிக்கும் ஒட்டுண்ணி இன்னதென்று கண்டறிந்த வரலாறு, அறிவியல் ஆராய்ச்சியின் நெறியை விளக்கும் நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

மணல் ஈ

இந்நோயைப் பரப்புவது மணல் ஈ. ஈ என்று பெயரிருந்தாலும் அது கொசுவினும் சிறியது; மூன்று மில்லிமீட்டர் நீளமே உடையது. உடலெங்கும் மயிர் நிறைந்தது. பறக்கும்போது ஓசை எழுப்பாது. கொசுவைப் போல் நீரில் முட்டையிடாமல், ஈரமும் மக்கிய பொருள்களும் உள்ள மண்ணிலும், மாட்டுத் தொழுவத்திலும், சுவர் வெடிப்புகளிலும் முட்டையிடும். பெண் ஈ மட்டுமே குருதி குடிக்கும். நோயுற்ற உடலில் குருதி குடிக்கும்போது ஒட்டுண்ணியும் அதன் வயிற்றை அடைகிறது. அங்கே அது சாட்டை போன்ற இழை முளைத்து, நீந்தித் திரிந்து பெருகுகிறது. பின்னர் அந்த ஈ மற்றொருவரைக் கடிக்கும்போது அவர் உடலிற் புகுகிறது.

பலர் கண்ட ஓர் உயிர்

1885ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கன்னிங்காம் என்பார் ‘டில்லிப் புண்’ எனப்பட்ட தோற்புண்ணில் நுண்ணிய உருவங்களைக் கண்டார். 1898இல் தாஷ்கந்து நகரத்து இராணுவ மருத்துவர் பரோவ்ஸ்கி, அவை ஓரணு உயிர்களே எனத் தெளிந்து ருஷ்ய மொழியில் எழுதினார். அக்கட்டுரை வெளியுலகின் கவனத்தைப் பெறவில்லை. 1903இல் அமெரிக்க மருத்துவர் ரைட், ஆர்மீனியச் சிறுமி ஒருத்தியின் புண்ணில் இதே உயிரைக் கண்டு விவரித்தார்.

அதே 1903ஆம் ஆண்டில் வேறொரு நோயிலும் இவ்வுருவம் காணப்பட்டது. மண்ணீரலும் கல்லீரலும் வீங்கி, உடல் மெலிந்து, மருத்துவம் செய்யாவிடில் உயிரையே கொள்ளும் கருங்காய்ச்சலே அந்நோய். கல்கத்தாவை அடுத்த டம்டமில் பணிபுரிந்து இக்காய்ச்சலால் மாண்ட படைவீரரின் மண்ணீரலில் தாம் கண்டதை லீஷ்மன் வெளியிட்டார். சென்னையில் மருத்துவர் டோனவன் அதனைத் தம் நோயாளரிடம் கண்டார். இருவர் பெயரையும் இணைத்து ‘லீஷ்மேனியா டோனவானி’ எனப் பெயரிட்டவர் மலேரியா ஆராய்ச்சியாற் புகழ்பெற்ற ரொனால்ட் ராஸ்.

உருவம் ஒன்று, இனம் பல

இங்கேதான் சிக்கல் எழுந்தது. தோற்புண்ணிலிருந்து எடுத்த உயிரும், மண்ணீரலிலிருந்து எடுத்த உயிரும் நுண்பெருக்கியின் கீழ் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டும் உருண்டை அல்லது முட்டை வடிவினவே. உள்ளே ஒரு கருவும், பக்கத்தில் கோல் போன்ற ஒரு துகளும் தெரியும். ஆகவே, நோயைக் கொண்டே இனத்தைப் பிரித்தனர். மேற்காசியாவிலும் நடு ஆசியாவிலும் தோற்புண்ணை உண்டாக்குபவை ‘லீஷ்மேனியா டிராபிகா’, ‘லீஷ்மேனியா மேஜர்’ எனவும், இந்தியாவில் கருங்காய்ச்சலைத் தருவது ‘டோனவானி’ எனவும் கொள்ளப்பட்டன.

நோயைப் பார்த்து ஒட்டுண்ணியை ஊகிக்கும் இம்முறை எல்லா இடத்தும் பொருந்துமா? இலங்கை இதற்கு விடை தந்தது.

இலங்கையில் கண்ட புதுமை

வெளிநாட்டிலிருந்து திரும்பியோரிடம் மட்டுமன்றி, உள்நாட்டிலேயே தொற்றிய தோற்புண்ணும் இலங்கையில் உண்டென்பது 1992இல் அறிவிக்கப்பட்டது. 2001ஐ ஒட்டிய ஆண்டுகளில், வடபகுதியில் பணியாற்றிய படைவீரர் பலரிடம் இப்புண் காணப்பட்டது. தோலை மட்டும் தாக்குவதால், இது டிராபிகாவாகவோ மேஜராகவோ இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பே.

கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரான்சு நாட்டு மோன்பெலியே நகர ஆய்வாளர்களுடன் சேர்ந்து இதனை ஆராய்ந்தனர். புண்ணிலிருந்து எடுத்த ஒட்டுண்ணியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, அதன் நொதிப் பொருள்களைப் பிரித்தெடுத்தனர். ஒரே வேலையைச் செய்யும் நொதியாயினும், அதன் அமைப்பு இனத்துக்கு இனம் சிறிது வேறுபடும். கூழ்ப்பொருளில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால், அவ்வேறுபாட்டுக்கேற்ப நொதிகள் வெவ்வேறு தொலைவு நகரும். பல நொதிகளை இவ்வாறு சோதித்துப் பெறும் கோலமே அவ்வினத்தின் கைரேகை போன்றது.

2003இல் முடிவு வெளியாயிற்று. தோற்புண்ணை உண்டாக்கிய ஒட்டுண்ணி, கருங்காய்ச்சலுக்குரிய டோனவானியே! அதிலும் அது ‘மோன்-37’ என்னும் வகை. இந்தியக் கருங்காய்ச்சலில் பெரிதும் காணப்படும் ‘மோன்-2’ அன்று.

கருங்காய்ச்சல் தீர்ந்தபின் சிலர் தோலில் டோனவானியால் தடிப்புகள் தோன்றுவது முன்னரே தெரிந்த செய்தி. ஆனால் இந்நோயாளர்களுக்கு அக்காய்ச்சல் வந்ததில்லை. ஒட்டுண்ணி நேரே தோலில் தங்கிப் புண்ணாக்கியிருந்தது. இலங்கையில் உள்ளுறுப்பைத் தாக்கிய நோயும் மிகச் சிலரிடம் பின்னர் கண்டறியப்பட்டது. 2014இல், தோல் நோயாளர் ஒருவரிடமிருந்தும் உள்ளுறுப்பு நோயாளர் ஒருவரிடமிருந்தும் எடுத்த ஒட்டுண்ணிகளின் மரபணுக்கள் ஒப்பிடப்பட்டன. ‘ஏ2’ என்னும் மரபணுத் தொகுதி உள்ளிட்ட சில வேற்றுமைகள், உள்ளுறுப்பில் வாழும் ஆற்றலோடு தொடர்புடையவை எனத் தெரிந்தது.

பெயர் அறிவதன் பயன்

இனம் அறிந்தால் நோயைத் தடுக்கும் வழியும் தெளிவாகும். மேஜர் பரவும் பாலை நிலங்களில் வளையில் வாழும் கொறிவிலங்குகளே ஒட்டுண்ணியின் உறைவிடம். ஆகவே அவற்றை ஒழிக்க முயல்வர். டிராபிகா பரவும் நகரங்களில் பெரும்பாலும் மனிதரே உறைவிடம். ஆகவே நோயாளர்க்கு மருத்துவம் செய்வதே பரவலைக் குறைக்கும். டோனவானியாயின், புண் ஆறியதும் கவலை தீர்ந்ததெனக் கொள்ளாமல், நீடித்த காய்ச்சலும் மண்ணீரல் வீக்கமும் உண்டா என மருத்துவர் கவனிப்பர். இலங்கை அரசு 2008இல் இந்நோயை அறிவிக்கவேண்டிய நோய்களுள் சேர்த்தது. புண்ணுக்குள் ஊசிவழியாக ஆன்டிமனி மருந்து செலுத்துவதும், திரவ நைட்ரஜனால் உறையவைப்பதும் அங்கு வழங்கும் மருத்துவ முறைகள்.

நோவில்லாத புண்ணை மக்கள் அசட்டை செய்வதே மருத்துவர்க்குள்ள பெருந்தடை. சில வாரங்களில் ஆறாத பருவை மருத்துவரிடம் காட்டினால், ஒரு துளிச் சுரண்டலில் ஒட்டுண்ணி உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும். அது எந்த இனம் என்பதை இக்காலத்து டி.என்.ஏ. சோதனை தெரிவித்துவிடும்.