பல்கலைக்கழக வளாகங்களில் தடையற்ற அணுகல்: விழுப்புரம், திண்டிவனம்

பல்கலைக்கழக வளாகத்தில் தடையற்ற அணுகல் என்பது, மாணவர், ஆசிரியர், பணியாளர், பார்வையாளர் என எவரும் பிறர் தூக்கிவிடாமல் வாயிலிலிருந்து வகுப்பறை, ஆய்வகம், நூலகம், கழிப்பறை வரை சென்று அவற்றைப் பயன்படுத்தும்படி கட்டடங்களை அமைப்பதாகும். சக்கர நாற்காலியில் செல்வோர், பார்வையற்றோர், செவித்திறன் குறைந்தோர் மட்டுமின்றி, கர்ப்பிணிகள், முதியோர், கால் முறிந்து சில வாரங்கள் ஊன்றுகோலுடன் நடப்போர் ஆகியோருக்கும் இது பயன்படுகிறது.

விழுப்புரமும் திண்டிவனமும்

விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும் திண்டிவனம் அ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியும் 1960-களின் இறுதியில் தொடங்கப்பட்டவை. கட்டட அணுகல் குறித்த சட்டம் அப்போது நாட்டில் இல்லை. இவ்விரு ஊர்களிலும் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் 2000-களின் பிற்பகுதியில் உருவானவை. அதற்குள், பொதுக் கட்டடங்களில் சாய்தளம் அமைப்பது பற்றிக் கூறும் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. எனவே இப்பகுதியில் இரண்டு வகைப் பணிகள் உள்ளன: பழைய கட்டடங்களைத் திருத்துவது, புதியவற்றை வரைபடத்திலேயே சரியாக அமைப்பது.

மழையும் பேஸ்மட்டமும்

வடகிழக்குப் பருவமழைக்கும் புயலுக்கும் அடிக்கடி உள்ளாகும் மாவட்டம் இது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. தண்ணீர் உள்ளே புகாதிருக்கப் பேஸ்மட்டத்தை உயர்த்திக் கட்டுவது இங்கே அவசியமாகிறது. ஆனால் உயர்த்தும் ஒவ்வோர் அடியும் வாசலில் படிகளைக் கூட்டுகிறது.

இதற்குத் தீர்வு சாய்தளம். அதன் சரிவு 1:12 என்ற அளவை மீறக்கூடாது. அதாவது, 15 செ.மீ. உயரமுள்ள நான்கு படிகளுக்கு, 60 செ.மீ. ஏற்றத்திற்கு, 7.2 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். இடமில்லை என்று இதை 3 மீட்டரில் முடித்தால் சரிவு 1:5 ஆகிவிடும். அதில் ஒருவர் தம் கைவலுவால் ஏறுவது மிகக் கடினம். நாற்காலி பின்புறம் கவிழவும் கூடும். வழவழப்பான ஓடு பதித்த சாய்தளம் மழையில் வழுக்கும். சொரசொரப்பான தரையும் இருபுறமும் கைப்பிடியும் தேவை.

தொடர்ச்சியான வழி

அணுகல் ஒரு சங்கிலி போன்றது. ஒரு கண்ணி அறுந்தாலும் பயனில்லை. வளாகத்தில் கவனிக்க வேண்டிய கண்ணிகள்:

- பேருந்து நிறுத்தத்திலிருந்து கட்டடம் வரை பள்ளமில்லாத பாதை. பார்வையற்றோருக்குத் தொடுதரை ஓடுகள்.
- 90 செ.மீ. திறப்புள்ள கதவு, உயர்ந்த வாசற்படி இல்லாத நிலை.
- சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் விட்டமுள்ள வெற்றிடம்.
- பிரெய்லி பொத்தானும் குரல் அறிவிப்பும் உள்ள மின்தூக்கி.
- கைப்பிடிகள் பொருத்திய, பூட்டி வைக்கப்படாத கழிப்பறை.
- உயரம் குறைந்த ஆய்வக மேசை, அலுவலகச் சாளரம்.
- ஒலியுடன் ஒளியாலும் எச்சரிக்கும் தீ அறிவிப்பு.

சாய்தளம் இருந்தும் கழிப்பறை இல்லையெனில், மாணவி ஒருவர் மாலைவரை தண்ணீர் குடிக்காமல் இருக்க நேரும். ஆய்வகம் இரண்டாம் தளத்தில் இருந்து மின்தூக்கி இல்லையெனில், எந்தப் பாடப்பிரிவில் சேர்வது என்பதை மதிப்பெண்ணோ விருப்பமோ அல்ல, படிக்கட்டே முடிவுசெய்கிறது.

சட்டம்

2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களை ஒதுக்கச் சொல்கிறது (பிரிவு 32). வளாகத்தையும் கட்டடங்களையும் அணுகத்தக்கதாக்குவதும் கல்வி நிறுவனத்தின் கடமை (பிரிவு 16). அணுகல் விதிகளுக்கு ஒவ்வாத வரைபடத்திற்கு அனுமதி வழங்கக்கூடாது (பிரிவு 44). ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை, விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் திருத்த வேண்டும் (பிரிவு 45). விதிகள் 2017 ஜூனில் வெளியாயின. ஆகவே அக்கெடு 2022-இல் முடிந்துவிட்டது.

2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைகளாக விட்டிருந்த விதி 15(1) சட்டத்திற்கு முரணானது எனத் தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை வகுக்க ஆணையிட்டது.

செய்யக்கூடியவை

வரைபடத்திலேயே சேர்த்தால் சாய்தளத்திற்கும் அகன்ற கதவிற்கும் ஆகும் கூடுதல் செலவு குறைவு; பின்னர் இடித்துக் கட்டினால் அதிகம். பழைய கட்டடங்களில் மின்தூக்கி வரும்வரை, தேவையுள்ள மாணவரின் வகுப்பையும் தேர்வறையையும் தரைத்தளத்திற்கு மாற்றலாம். இதற்குச் செலவில்லை, கால அட்டவணையைத் திருத்தினால் போதும். ஆனால் ஆய்வகத்தையும் நூலகத்தையும் எளிதில் இடம் மாற்ற முடியாது என்பதால் இது தற்காலிக ஏற்பாடே.

திருத்தப் பணிக்கு முன், சக்கர நாற்காலியில் செல்பவரும் பார்வையற்றவரும் வளாகத்தைச் சுற்றிவந்து தடைகளைக் குறிக்க வேண்டும். தடை நீடித்தால் மாணவர்கள் நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடமும், பின்னர் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும் எழுத்துவழி முறையிடலாம்.