ஒரு சொல்லும் ஒரு படமும்

'கதவு' என்ற ஒரு சொல்லைத் தந்து, அதற்குப் பொருத்தமாக ஒரு படம் எடுத்து வாருங்கள் என்றால் நீங்கள் எதை எடுப்பீர்கள்? இணையத்தில் புகைப்பட ஆர்வலர்கள் கூடும் குழுக்களில் இது வழமையான பயிற்சி. 2004 இல் தொடங்கப்பட்ட 'ஃபிளிக்கர்' தளத்தில் 'மெக்ரோ மண்டேய்ஸ்' என்றொரு குழு உண்டு. திங்கட்கிழமை தோறும் ஒரு கருப்பொருள். படத்தில் அடங்கும் பரப்பு மூன்று அங்குலத்துக்கு மேற்படக் கூடாது என்பது விதி. ஓர் ஊசியோ பொத்தானோ போதும். ஒருவர் எடுத்ததைப் பார்த்து மற்றவருக்கு யோசனை பிறக்கிறது.

வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று தோன்றலாம். ஆனால் இணையம் இவ்வளவு பரவுவதற்கு முன்பே, படம் எடுத்துக் கூடியிருந்து பேசும் முறை ஏழைப் பெண்களின் கைகளில் வேறொரு வேலை செய்திருக்கிறது.

1990 களின் தொடக்கத்தில் சீனாவின் யுனான் மாகாணத்தில் 62 கிராமப் பெண்களிடம் கமெரா கொடுக்கப்பட்டது. கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் ஆகிய இருவரும் வகுத்த இம்முறை பின்னர் 'போட்டோவொய்ஸ்' எனப் பெயர் பெற்றது. ஒரு படத்தில் பெண்ணொருத்தி சோளத் தோட்டத்தில் களை பிடுங்குகிறாள். குழந்தை தனியே நிலத்தில் கிடக்கிறது. நாளாந்தம் கண்ட காட்சிதான். படமாகப் பார்த்தபோது, தாய் வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்வியாக அது மாறியது.

எமக்கு இன்னும் நெருக்கமானது குவாத்தமாலாவின் கதை. அங்கே 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர். கொல்லப்பட்டோரும் காணாமற் போனோரும் 2 இலட்சத்துக்கு மேல் என்று 1999 இல் உண்மை ஆணைக்குழு கூறியது. அடையாளம் காணப்பட்டவர்களில் நூற்றுக்கு 83 பேர் மாயா பழங்குடியினர். போர் முடிந்தபின் சஹுல் என்ற மலையூரில் 20 மாயாப் பெண்கள், பிரின்டன் லைக்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளருடன் சேர்ந்து, கமெராவைக் கையிலெடுத்தார்கள். தமது ஊரின் வாழ்க்கையையும் போர் விட்டுச் சென்றவற்றையும் எடுத்தார்கள். அயற் கிராமங்களுக்கும் போய், அங்குள்ள பெண்களைக் கண்டு பேசினார்கள். பிறகு கூடியிருந்து ஒவ்வொரு படத்தின் கதையையும் சொன்னார்கள். 2000 ஆம் ஆண்டில் அது நூலாக வெளிவந்தது.

"உங்களுக்கு என்ன நடந்தது?" என்று நேரே கேட்டால் வாயடைத்துப் போகிற ஒருத்தி, தான் எடுத்த அடுப்பின் படத்தைக் காட்டிப் பேசத் தொடங்கலாம். படிவத்தோடு வந்து கேள்வி கேட்கும் எங்களைப் போன்ற உத்தியோகத்தர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

இன்று பல வீடுகளில் கைத்தொலைபேசியே கமெரா. மாதர் சங்கக் கூட்டத்தில் மாதம் ஒரு சொல்லைத் தெரிவு செய்து பார்க்கலாம். சொல்லை வெளியார் தர வேண்டாம், நீங்களே தெரிவு செய்யுங்கள். எடுத்த எடுப்பில் 'இழப்பு' என்று தொடங்குவதும் வேண்டாம். கிணறு, விடியற்காலை, என் கை என்று தொடங்கினால், சொல்ல வேண்டியது தானாக வந்து சேரும். பேச விரும்பாதவர் படத்தை மட்டும் காட்டிவிட்டு இருக்கலாம்.

படத்தை வெளியே விடுவதா என்பதை எடுத்தவரும் படத்தில் இருப்பவரும் சேர்ந்தே தீர்மானிக்க வேண்டும். முகநூலில் போட்டதை முழுதாக மீளப் பெற முடியாது. எடுத்த இடமும் படத்தோடு பதிவாகியிருக்கக்கூடும். தொலைபேசியில் அதை நிறுத்தி வையுங்கள். முகம் காட்ட விரும்பாத ஒருவரென்றால் அவரது கைகளை, வாசலில் கழற்றிய செருப்பை, அவர் தைத்த சட்டையை எடுக்கலாம்.