பிடிச்ச வேலை, பொருந்துற வேலை: ரெண்டும் ஒண்ணா?

கோவை அவினாசி ரோட்டுல, உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் போற மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பேரை வெச்சிருக்காங்க. "இந்தத் தொழில் எனக்கு செட் ஆகுமா?"ன்னு நீங்க அடிக்கடி கேக்குற கேள்விக்கு, அவரோட இளமைக் காலத்துல ஒரு நல்ல பதில் இருக்குங்க.

1893-ல கோவை பக்கத்துல கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவே இல்லை. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிட்டு வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்துட்டு, கோவையில ஹோட்டல் சர்வரா வேலை செஞ்சு, காசு சேர்த்து மோட்டார் சைக்கிள் வாங்கினார். இதுவரைக்கும் இருக்கிறது ஆசை மட்டும்தான்.

வாங்கின வண்டியை முழுசா கழட்டி, திரும்பப் பூட்டினார் பாருங்க, அங்கேதான் விஷயம் இருக்கு. வண்டி ஓட்ட எல்லாருக்கும் பிடிக்கும். கையெல்லாம் கிரீஸோட, எந்த நட்டு எங்கேன்னு மணிக்கணக்கா தேடுறது சிலருக்குத்தான் பிடிக்கும். அவர் அந்தச் சிலர்ல ஒருத்தர்.

நடுவுல பருத்தி வியாபாரத்துல இறங்கி, பம்பாயில பணத்தை இழந்தார். 1920-ல ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல தானே ஓட்டினார். 1937-ல டி. பாலசுந்தரத்தோட சேர்ந்து மின் மோட்டார் தயாரிச்சார். கவனிச்சீங்கன்னா, அவர் திரும்பத் திரும்பப் போனது இயந்திரங்கள்கிட்டதான்.

இதுல இருந்து நான் எடுத்துக்கிற சோதனை மூணு.

முதல்ல, அந்த வேலையோட சலிப்பான பகுதியைச் செஞ்சு பாருங்க. போட்டோகிராபர் ஆகணுமா? ஒரு கல்யாணத்துல எடுத்த ரெண்டாயிரம் படத்தை உக்காந்து பிரிச்சுப் பாருங்க. கஃபே வைக்கணுமா? தெரிஞ்சவங்க கடையில காலைல பால் வண்டி வர்ற நேரத்துக்குப் போய், ராத்திரி பாத்திரம் கழுவி முடியுற வரைக்கும் இருங்க.

ரெண்டாவது, திரும்பச் செய்யுங்க. முதல் தடவை புதுசுங்கிறதாலயே எல்லாம் நல்லா இருக்கும். நாலாவது வாரமும் போகத் தோணுதான்னு பாருங்க. கஷ்டமா இருக்குங்கிறதுக்காக மட்டும் பொருந்தலைன்னு முடிவு பண்ணாதீங்க. கஷ்டப்பட்ட பிறகும் மனசு அங்கேயே போகுதாங்கிறதுதான் கேள்வி.

மூணாவது, எவ்வளவு நாள், எவ்வளவு பணம்னு முன்னாடியே எழுதி வெச்சுக்கோங்க. கல்விக் கடன் இருக்கிறவங்க வேலையை விட வேண்டியதில்லை. சனி, ஞாயிறு போதும்.

நம்ம ஊர்ல இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. கணபதியிலயோ பீளமேட்டுலயோ அப்பா லேத் பட்டறை வெச்சிருப்பார். பையனோ பொண்ணோ அதை எடுத்து நடத்தணும்னு வீட்டுல எதிர்பார்ப்பாங்க. அப்போ "எனக்குப் பிடிக்கலைப்பா"ன்னு சொன்னா சண்டைதான் வரும். அதுக்குப் பதிலா, "மூணு மாசம் பட்டறையில நின்னு பார்த்தேன்ப்பா. ஆர்டர் பிடிக்கிறது நல்லா வருது, மெஷின்ல நிக்கிறது வரலை"ன்னு சொன்னா, அதுக்கு அப்பாவால பதில் பேச முடியும். ஒருவேளை அந்தப் பட்டறையிலயே உங்களுக்கான இடம் வேற மூலையில இருக்கலாம். நின்னு பார்க்காம அது ரெண்டு பேருக்குமே தெரியாது.

அதனால இந்த வாரம் ஒரே ஒரு வேலை: நீங்க ஆசைப்படுற தொழில்ல இருக்கிற ஒருத்தர்கிட்ட, "உங்க சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும்?"னு கேட்டுப் பாருங்க. அந்த நாள் உங்களுக்கும் வேணும்னு தோணினா, அடுத்த சனிக்கிழமை அவங்க கூடப் போய் நில்லுங்க.