பக்தியும் வாய்ச்சொல்லும்: புதுச்சேரியில் நடந்தது தெரியுமா?

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் டவுன் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் மிஷன் வீதி வந்துவிடும். ‘கடவுள் விஷயத்தில் மனிதன் மனதில் பட்டதைச் சொல்லலாமா?’ என்று ஐரோப்பா மல்லுக்கட்டிய கேள்வி, அந்த வீதியையும் விட்டுவைக்கவில்லை!

● 1670. ஹாலந்தில் கண்ணாடி வில்லை தேய்த்து வாழ்ந்த தத்துவஞானி ஸ்பினோசா ஒரு நூல் வெளியிட்டார். அட்டையில் அவர் பெயர் இல்லை. அச்சிட்ட ஊரின் பெயரும் பொய்! ‘சிந்திக்கும் சுதந்திரத்தால் பக்தி கெடாது; அதைப் பறித்தால்தான் பக்தியும் நாட்டு அமைதியும் சேர்ந்து கெடும்’ என்பதே நூலின் சாரம். 1674-ல் தடை வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் காலூன்றியதும் அதே 1674-ல்தான்!

● 1716. சேசு சபைப் பாதிரிமாரோடு உரசல் இருந்த, பிரெஞ்சுக்காரர்களின் பெரிய தரகர் நைனியப்பப் பிள்ளைமீது ராஜத்துரோக வழக்கு. சாட்சிகளின் தமிழை நீதிமன்றத்துக்கு மொழிபெயர்த்தவர் யார் தெரியுமா? சேசு சபை உபதேசியாரின் மகன்! தீர்ப்பு: கடைவீதியில் 50 கசையடி, சிறை. 1717-ல் சிறையிலேயே உயிர் போனது. குற்றமற்றவர் என்ற தீர்ப்பு அதன் பிறகே வந்தது.

● 1748. ஆங்கிலேயர் முற்றுகையின்போது, மிஷன் வீதியில் சம்பா கோயில் என்ற தேவாலயத்தின் பக்கத்திலிருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. கெர்தூ பாதிரியார் லிங்கத்தை உதைத்ததையும், சம்மட்டியால் உடைத்ததையும் நாட்குறிப்பாளர் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதி வைத்தார். இதே கெர்தூதான், சமஸ்கிருதமும் லத்தீனும் உறவு மொழிகள் என்று மொழியறிஞர் வில்லியம் ஜோன்சுக்கு முன்பே, 1767-ல், பிரான்சுக்கு எழுதியவர்!

● 1760. ‘எசூர் வேதம்’ என்ற பிரெஞ்சுக் கையெழுத்துப்படி சிந்தனையாளர் வால்டேர் கைக்கு வந்தது. பழம்பெரும் இந்திய ஞானம் என்று பூரித்து, திருச்சபையின் பிடிவாதத்துக்கு எதிராகவே அதை எடுத்து வீசினார். 1822-ல் அச்சான எல்லிஸ் துரையின் கட்டுரை குட்டை உடைத்தது: அது வேதமே அல்ல, பாதிரிமார் எழுதியது! அதன் படிகள் கிடைத்த இடம்? நம்ம புதுச்சேரி!

● ஆனந்தரங்கப் பிள்ளை ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டபோது அவரால் தடுக்க முடியவில்லை. நாட்குறிப்பைத் திறந்தார். பார்த்தது, கேட்டது, நொந்தது எல்லாம் தமிழில் எழுதினார். 1736 முதல் 1761 வரை அந்தக் கை ஓயவில்லை! 1846-ல் அந்த ஏடுகள் வெளிச்சத்துக்கு வந்தன.

ஆணை போட்டு வாயை அடைக்கலாம், மனதை அடைக்க முடியாது என்றார் ஸ்பினோசா. அநேகமாக அவர் பெயரையே கேட்டிராத ஒரு தமிழர், 25 ஆண்டு மையைச் செலவழித்து அதையே மெய்ப்பித்தார்!