பெரிய கெளுத்திக்குத் தாங்கும் நரம்பைத் தேர்வது எப்படி?

வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய ஏரிகளில் தை, மாசியில் தண்ணீர் இறங்கத் தொடங்கும். ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் வட்டாரத்தில், வல்லம் வடகால் போன்ற ஊர்களில், சிப்காட் தொழிற்சாலைகளை ஒட்டி இன்றும் பாசன ஏரிகளும் குட்டைகளும் இருக்கின்றன. நீர் குறையக் குறைய, பெரிய கெளுத்திகள் ஆழமான மடுக்களில் ஒதுங்கும். தூண்டில்காரர்களுக்கு இதுதான் காலம். ‘மீன் மாட்டியது, நரம்பு அறுந்துவிட்டது’ என்ற பேச்சு அதிகம் கேட்பதும் இந்தக் காலத்தில்தான்.

நரம்பு அறுந்தால் மீன் மட்டும் போவதில்லை. வாயில் முள்ளோடு மீன் தவிக்கும். முள்செடியில் சிக்கிய தங்கூஸ் நரம்பு பல ஆண்டுகள் மட்காமல் கிடந்து, நீர்க்காகம், கொக்கு போன்ற பறவைகளின் காலைச் சுற்றும். ஏரியில் மேயும் மாட்டின் வயிற்றுக்கும் போகும். எனவே நரம்பைச் சரியாகத் தேர்வது ஏரிக்கும் செய்யும் நன்மை.

மாட்டியிருப்பது எந்த மீன்?

நாட்டுக் கெளுத்தி வகைகளில் நம் ஏரி, குட்டைகளில் கிடைப்பவை பெரும்பாலும் சிறியவை. பல கிலோ எடையில், தட்டையான பெரிய தலையும் நீண்ட மீசைகளுமாக ஒரு மீன் வந்தால், அது ஆப்பிரிக்கக் கெளுத்தியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆப்பிரிக்கத் தேளி என்றும் இதைச் சொல்வார்கள். ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. காற்றையும் சுவாசிப்பதால் சேற்றிலும் கலங்கல் நீரிலும் தாக்குப்பிடிக்கும். மீன் குஞ்சு, தவளை என்று கிடைப்பதை எல்லாம் தின்னும். பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு குஞ்சு விட்டிருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நட்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. இதை வளர்ப்பதும் விற்பதும் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் 2019இல் இதை வலியுறுத்தியது.

காவிரி, மேட்டூர் அணைப் பகுதி வாசகர்களுக்குப் பெரிய மீன் என்றால் வாளைதான். அது நம் நாட்டு இனம். அகன்ற வாயும் கூரிய பற்களும் கொண்டது. உலக அளவில் அருகி வரும் இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் நரம்பு விதி ஒன்றுதான். பிடித்த பிறகு செய்ய வேண்டியது வேறு.

பலம் எங்கே குறைகிறது?

நெல்லுக்குத் தழைச்சத்து எவ்வளவு இட்டாலும், துத்தநாகம் பற்றாக்குறையாக இருந்தால் மகசூல் அங்கேயே நின்றுவிடும். நரம்பும் அப்படித்தான். நூறு மீட்டர் நரம்பும் நன்றாக இருந்து, ஒரு முடிச்சு மோசமாக இருந்தால், அந்த முடிச்சின் பலம்தான் உங்கள் தூண்டிலின் பலம். பலம் குறையும் இடங்கள் மூன்று: முடிச்சு, மீனின் வாயில் உரசும் கடைசி அரை மீட்டர், கல்லிலும் சீமைக் கருவேலத்திலும் தேய்ந்த பகுதி.

கெளுத்தியின் தாடையில் சிறு பற்கள் அரம் போல வரிசையாக இருக்கும். மீன் தலையை உதறும்போது நரம்பு அதில் தேயும். செவுளை ஒட்டிய துடுப்பு முள்ளும் நரம்பை வெட்டும்.

என்ன கனம் வாங்கலாம்?

கடையில் ‘40’ என்றால் அது 0.40 மி.மீ. கனமா, 40 பவுண்டு தாங்கும் பலமா என்று கேளுங்கள். ஒரு பவுண்டு ஏறத்தாழ 450 கிராம். 40 பவுண்டு என்பது 18 கிலோதான். கனம் இரண்டு மடங்கானால் பலம் ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

1 முதல் 2 கிலோ மீனுக்கு 0.35 - 0.40 மி.மீ. போதும். 5 முதல் 10 கிலோ மீன் இருக்கும் இடத்தில் 0.50 - 0.60 மி.மீ. தங்கூஸ் நரம்பு வையுங்கள். அதன் முனையில், முள்ளுக்கு மேலே, 0.70 - 0.80 மி.மீ. நரம்பை அரை மீட்டர் நீளத்துக்குத் தனியாகக் கட்டுங்கள். உரசலைத் தாங்குவது இந்தத் துண்டுதான். இரண்டையும் இணைக்க ஒரு சுழல் வளையம் போட்டால் நரம்பு முறுக்கேறாது.

தங்கூஸா, பின்னல் நூலா?

தங்கூஸ் நரம்பு இழுத்தால் நீளும். மீன் திடீரென்று பாயும்போது அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். விலையும் குறைவு. வெயிலில் கிடந்தால் வலுவிழக்கும், நனைந்தால் பலம் சற்றுக் குறையும் என்பது அதன் குறை.

பின்னல் நூல் அதே பலத்துக்கு மெல்லியதாக இருக்கும். ஆனால் நீளவே நீளாது. கல்லில் உரசினால் சீக்கிரம் அறும். கையில் பிடித்து இழுத்தால் சதையை அறுக்கும். ரீல் வைத்திருப்பவர்கள் இதைப் பயன்படுத்தலாம். முனையில் தங்கூஸ் துண்டு அவசியம். கைத்தூண்டில்காரர்களுக்குத் தங்கூஸே ஏற்றது.

வாளியில் சோதியுங்கள்

வாங்கிய நரம்பைச் சோதிக்க ஒரு வாளி போதும். முள்ளின் கண்ணுக்குள் நரம்பை நுழைத்து, நரம்பின் மேலேயே ஐந்து சுற்றுச் சுற்றி, முனையை முதல் வளையத்துக்குள் விட்டு, எச்சில் தொட்டு மெதுவாக இறுக்குங்கள். உலர்ந்தபடி இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நரம்பு பாழாகும். நரம்பைப் பத்து நிமிடம் ஊறவைத்து, மறுமுனையை உறுதியான கிளையில் கட்டி, முள்ளை வாளியின் கைப்பிடியில் மாட்டுங்கள். வாளி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கட்டும். ஒரு லிட்டர் அளவுக் குவளையால் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. வாளியின் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அறும்போது முள் தெறிக்கும். முகத்தைத் தள்ளி வையுங்கள்.

எத்தனை கிலோவில் அறுந்தது, எந்த இடத்தில் அறுந்தது என்று பாருங்கள். முடிச்சில் அறுந்தால் கட்டுமுறையைத் திருத்துங்கள். எதிர்பார்க்கும் மீனின் எடையைப்போல் இரண்டு மடங்கு தாங்கினால் அந்தத் தூண்டிலை நம்பிப் போடலாம்.

கரையில்தான் கவனம்

நீருக்குள் மீனின் எடை நரம்பில் விழுவதில்லை. அதன் இழுப்பு மட்டுமே விழுகிறது. மீனைத் தூக்கியவுடன் முழு எடையும் முடிச்சில் இறங்கும். அதனால்தான் கரைக்கு வந்த மீன் கைநழுவிப் போகிறது. தூக்காதீர்கள். களைக்கவிட்டு, கைப்பிடி வலையில் ஏந்துங்கள். இல்லையென்றால் சரிவான கரையில் இழுத்து ஏற்றுங்கள்.

நரம்பைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். கோணித்துணி வைத்துப் பிடியுங்கள். இந்த வட்டாரத்தில் பல இடங்களில் உயர் அழுத்த மின்கம்பிகள் போகின்றன. கார்பன் தூண்டில் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். கம்பிக்கு அடியில் தூண்டில் போடவே வேண்டாம். நுரை, நிறமாற்றம், நாற்றம் உள்ள நீரில் பிடித்த மீனை உண்ணாதீர்கள்.

பிடித்த பிறகு

40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். மீன் குத்தகை யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, அனுமதி பெற்றே தூண்டில் போடுங்கள்.

பெரிய வாளை கிடைத்தால், முட்டையிடும் தாய் மீனாக இருக்கலாம்; நீரிலேயே முள்ளைக் கழற்றி விட்டுவிடுவது நல்லது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை மட்டும் உயிரோடு திரும்ப விடாதீர்கள். வேறு குட்டைக்கும் கொண்டுபோகாதீர்கள். நீருக்கு வெளியே நெடுநேரம் உயிரோடு இருக்கும் மீன் அது. ஈரமான வரப்பில் ஊர்ந்தும் போகும். இன்னும் இருக்கிறதா என்று மீன்வளத் துறை அலுவலகத்துக்குச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏரி வற்றும் கோடையில் அவற்றை அகற்றுவது எளிது; அடுத்த மழைக்கு விடும் குஞ்சுகள் பிழைக்கும்.

கிளம்பும்போது, தேய்ந்த நரம்பையும் அறுந்த துண்டுகளையும் சுருட்டிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள். சிறு துண்டுகளாக நறுக்கிக் குப்பையில் போட்டால், பறவையின் காலிலும் மாட்டின் வாயிலும் சிக்காது.