நிறுத்திய வண்டி ஏன் நகர்கிறது?

ஆனைக்கரையில் சமதளமான இடம் குறைவு. பல வீடுகளுக்கு வாசலே சரிவுதான். சென்ற மழைக்காலத்தில் எங்கள் தெருக்காரர் ஒருவர் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு உள்ளே காபி குடிக்கப் போனார். கால் மணி நேரம் கழித்து வண்டி தானாகப் பின்னால் இறங்கி ஏலத்தோட்ட வேலியில் முட்டி நின்றது. சற்று முன்புவரை அங்கே பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். "என் கையாலேதானே சார் போட்டேன்" என்று அவர் புலம்பினார். பொய்யில்லை; லிவர் மேலேதான் இருந்தது.

காலால் மிதிக்கும் பிரேக் எண்ணெய் அழுத்தத்தால் நான்கு சக்கரங்களையும் பிடிக்கிறது. ஹேண்ட் பிரேக்கோ பெரும்பாலான கார்களில் ஒரு கேபிளால் பின்சக்கரங்களை மட்டும் இழுத்துப் பிடிப்பது. கேபிள் நாளடைவில் தளரும், ஷூ தேயும். லிவர் மட்டும் வழக்கம்போல 'டக் டக்' என்று சத்தம் போடும். பின்சக்கரத்தில் டிஸ்க் உள்ள சில கார்களில் வேறொரு சங்கதியும் உண்டு. மலை இறங்கும்போது சூடேறி விரிந்த டிஸ்க், வண்டி நின்றபின் ஆறிச் சுருங்கும், பிடி தளரும். கால் மணி நேரம் கழித்து நகர்ந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

இரயில்வேயில் எங்களுக்கு இது பாலபாடம். காற்று பிரேக் கசியும். ஆகவே நிறுத்திய வண்டிக்கு ஹேண்ட் பிரேக்கும் சக்கரத்தடியில் கட்டையும் வேண்டும். இருந்தும் 2024 பிப்ரவரி 25 அன்று ஜம்முவின் கத்துவாவில் நின்றிருந்த 53 வேகன் சரக்கு வண்டி ஓட்டுநர் இல்லாமலே நகர்ந்து, 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, பஞ்சாபின் உஞ்சி பஸ்ஸியில்தான் நின்றது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. கனடாவின் லாக்-மெகாந்திக் ஊருக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 2013 ஜூலையில் 72 கச்சா எண்ணெய் வேகன்களைச் சரிவில் நிறுத்தியவர் ஏழு ஹேண்ட் பிரேக்குகள் மட்டும் போட்டார். வண்டி நிற்கிறதா என்று சோதித்தபோது எஞ்சினின் காற்று பிரேக்கும் பிடித்திருந்தது! இரவில் எஞ்சின் அணைக்கப்பட்டது, காற்று கசிந்தது, வண்டி உருண்டு ஊருக்குள் பாய்ந்து எரிந்தது. இறந்தவர்கள் 47 பேர்.

நாமும் அப்படித்தானே சோதிக்கிறோம்? பிரேக்கை மிதித்தபடியே லிவரை இழுத்து, கியரையும் போட்டு இறங்கிவிடுகிறோம். எது வண்டியைப் பிடித்திருக்கிறது என்று எப்படித் தெரியும்? முன்னும் பின்னும் யாரும் இல்லாத சிறு சரிவில், எஞ்சின் ஓடும்போதே கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, காலை மெல்ல எடுத்துப் பாருங்கள். அசைந்தால் உடனே மிதியுங்கள். அன்றைக்கே மெக்கானிக்கிடம் போங்கள்.

ஆட்டோமேட்டிக் கார்களில் 'பி' போட்டால் போதும் என்று வெளிநாட்டுப் பிள்ளைகள் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் நடுவுக்கே திரும்பிவிடும் லிவரால், 'பி'யில் இருப்பதாக நினைத்துப் பலர் இறங்கியதால், 2016 ஏப்ரலில் ஃபியட் கிரைஸ்லர் சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. எழுத்தைக் கண்ணால் பார்த்த பிறகே இறங்குங்கள்.

ஏற்றம் நோக்கி நின்றால் முதல் கியர், இறக்கம் நோக்கி நின்றால் ரிவர்ஸ். முன்சக்கரத்தை மலைப்பக்கம் திருப்பி வையுங்கள். பிறகு சக்கரத்தின் கீழ்ப்புறம் நம் ஜீப்காரர்கள் வைப்பது போல ஒரு முட்டுக்கல். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரம் போட்டுவிட்டுப் போங்கள்; இருட்டில் பைக்கில் வருகிறவர் அதில் ஏறி விழுவார்.