தண்ணீருக்கடியில் பாலம் பார்ப்பவர்கள்

ரயில் ஆற்றைக் கடக்கும்போது நம்மவர்கள் காசு போட்டுக் கும்பிடுகிறார்கள். பாலத்தின் தூண்கள் எதன்மேல் நிற்கின்றன என்று யோசிப்பவர்கள் குறைவு.

நம் நாட்டின் பெரிய ஆறுகளில் பல பழைய ரயில் பாலங்களுக்குக் 'கிணறு' அஸ்திவாரம்தான். செங்கல்லாலோ கான்கிரீட்டாலோ கட்டிய கிணற்றை, உள்ளிருக்கும் மண்ணை அள்ளி அள்ளி ஆற்றுப் படுகைக்குள் இறக்குவார்கள். பிறகு அடியைக் கான்கிரீட்டால் அடைத்து, மேலே தூணை எழுப்புவார்கள்.

இதற்கு முதல் எதிரி வெள்ளம். தூணில் மோதும் நீர் சுழன்று அடிமண்ணைத் தோண்டிவிடும். வெள்ளம் வடியும்போது அந்தப் பள்ளத்தில் புது மணல் நிரம்பிவிடும். மேலிருந்து கயிற்றில் ஈயக்குண்டு கட்டி ஆழம் பார்த்தால் எல்லாம் பழையபடியே தோன்றும். அந்த மணல் இறுகியதா, இளகியதா, கிணற்றுச் சுவரில் விரிசல் உண்டா என்பதை அறிய ஆள் இறங்கித்தான் ஆகவேண்டும்.

இந்த வேலைக்கென்றே முக்குளிப்பு ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள். நான் ரயில்வேயில் இருந்தபோது இவர்கள் வேலையை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கலங்கிய நீரில் கண்ணால் பயனில்லை, கைதான் கண். பாசியைச் சுரண்டி, சுவரைத் தடவித் தடவி, கம்பியால் மணலைக் குத்திப் பார்ப்பார்கள். படம் எடுக்க வேண்டுமானால், தெளிந்த நீர் நிரப்பிய ஒரு பையைக் காமிராவுக்கும் சுவருக்கும் நடுவே வைப்பார்கள்.

ஆபத்து இறங்குவதில் மட்டுமல்ல, ஏறுவதிலும் உண்டு. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வாயுமண்டல அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்தில் கரையும். அவசரமாக மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் உடம்புக்குள் குமிழி கிளம்பும். மூட்டு வலி, பக்கவாதம், மரணம்வரை போகலாம்.

எனவே முக்குளிப்பவரின் உயிர் கரையிலோ படகிலோ இருப்பவர்கள் கையில். ஒருவர் காற்றுக் குழாயையும் உயிர்க்கயிற்றையும் பிடித்திருப்பார். ஒருவர் கம்ப்ரசரையும் கடிகாரத்தையும் கவனிப்பார். இன்னொரு முக்குளிப்பவர் உடை அணிந்து தயாராக உட்கார்ந்திருப்பார். பார்ப்பவர்களுக்கு இவர் சும்மா இருப்பதுபோல் தெரியும். 'குறைந்த டெண்டர்' போட்டியில் முதலில் வெட்டப்படுவதும் இந்தச் 'சும்மா' ஆளின் கூலிதான்!

2016 ஆகஸ்டில் மும்பை - கோவா சாலையில், மகாட் அருகே சாவித்திரி ஆற்றின் பழைய பாலம் வெள்ளத்தில் இடிந்தது. இரண்டு அரசு பஸ்கள் அடித்துச் செல்லப்பட்டன. அன்று உடல்களையும் வண்டிகளையும் தேடி முக்குளிப்பவர்கள் இறங்கினார்கள். விபத்துக்குப் பின் இறங்குவதைவிட, மழை முடிந்ததும் அஸ்திவாரம் பார்க்க இறங்குவதே மேல். அப்படி இறங்குபவருக்காகக் கரையில் காத்திருக்கும் ஆளின் கூலியை டெண்டரிலேயே தனி இனமாக எழுதிவிட்டால், அதில் யாரும் கை வைக்க முடியாது.